கடைசி பஸ்ஸை நிறுத்திய சுமித்திரா

ராசுவின் மகள் சுமித்திராவைப் பற்றிய கதைகளில் கொஞ்சம் உப்புப் புளி கூடுதலாகத்தான் இருக்கும். பாதியை நம்பினால் போதும். பிறந்தவுடன் அவள் அழவில்லையாம். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மருத்துவிச்சியைக் கேட்டாளாம். மருத்துவிச்சி இன்றுவரை அதை மறுக்கவில்லை.

தேயிலை மலையை விட்டு இறங்கி, இரணைமடுக் குளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். ராசு பிறர் வயலில் கூலிக்கு நின்று, பிறகு தனக்கென்று ஒரு துண்டு நிலத்தில் நெல் விதைத்தவர். சுமித்திரா கிளிநொச்சியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். விடுதியில் இடமில்லாததால் தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அங்கே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பாடு அதுதான்.

அந்தக் கல்லூரியின் மாணவர் ஒன்றியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடகக் குழு, விளையாட்டுக் குழு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து, காலையில் வாசலில் நின்று எல்லோரிடமும் சந்தா வாங்குவார்கள். தேர்தலை மட்டும் மாலை ஆறு மணிக்கு விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் வைப்பார்கள். கடைசி பஸ் புறப்படுவது ஐந்தரைக்கு.

இந்த வருடம் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சுமித்திரா சொன்னாள். பதவி முடிந்துபோகும் தலைவன் விஜிதரன் தலையை ஆட்டினான்.

"விடுதியில இருக்கிற ஆக்கள்தான் நிக்கலாம், தங்கச்சி. அது விதி. கூட்டமெல்லாம் இரவிலதானே."

"அப்ப சந்தாவையும் இரவில வாங்குங்கோ அண்ணா. நாங்கள் தப்பியிடுவம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விஜிதரனின் காது சிவந்தது. கெட்ட பிள்ளையில்லை; முந்தியவர்கள் செய்ததை யோசிக்காமல் செய்தவன், அவ்வளவுதான்.

சுமித்திரா மாணவர் நலனுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் தாட்சாயினியிடம் போனாள்.

"விதியை மாத்தலாம் பிள்ளை. பொதுக்கூட்டத்துக்குப் பாதிப்பேர் வந்து, அதில அரைவாசிக்கு மேல ஆக்கள் கை உயர்த்தினால் சரி."

"பொதுக்கூட்டம் எத்தினை மணிக்கு மிஸ்?"

தாட்சாயினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா. "ஆறு மணிக்கு. அதுவும் விதிதான்."

"கதவைப் பூட்டிப்போட்டுத் திறப்பை உள்ளுக்கை வைச்சிருக்கினம், மிஸ்."

மிச்சமிருந்த வழி கடைசி பஸ். அதன் சாரதி ஆண்டியப்பன் யாருக்காகவும் காத்து நின்றதில்லை. தாலி கட்டிய கையோடு ஐந்தரை பஸ்ஸை எடுத்தவர் என்றும், பொம்பிளை ரிக்கெற் வாங்கித்தான் ஏறினா என்றும் ஊரில் சொல்வார்கள்.

"மாமா, வாற வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம். ஒரு மணித்தியாலம் பிந்தி எடுப்பீங்களோ?"

"நான் நின்னா பஸ்ல உள்ளவங்க என்னைய அடிப்பாங்க, புள்ள. அவங்களக் கேளு."

கேட்டாள். ஓடுகிற பஸ்ஸில், இருக்கைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, நடந்ததையெல்லாம் சொன்னாள். குளத்து மீன் விற்றுத் திரும்பும் விமலேஸ்வரி முதலில் கை தூக்கினா.

"என்ர பெட்டி வெறும் பெட்டி. இனி நாறுறதுக்கு அதில ஒண்டுமில்லை. நிப்பம்."

"என்ர மாடு பால் கறக்கக் காத்துக்கொண்டு நிக்குமே!" என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

"அது உங்களைவிடப் பொறுமைசாலி, அண்ணை," என்றாள் சுமித்திரா.

மாட்டுக்காரரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை கல்லூரி வாசலில் பஸ் நின்றது. மண்டபத்தில் கதிரை போதாமல் பிள்ளைகள் சாப்பாட்டு மேசைகளில் ஏறியிருந்தார்கள். பயணிகளும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"அம்மா, வெளியாக்கள் இருக்கேலாது," என்றான் விஜிதரன்.

"நாங்கள் கை தூக்க வரேல்லை, தம்பி. பிள்ளையள் தூக்கிறதைப் பாக்க வந்தனாங்கள்," என்றா விமலேஸ்வரி.

சுமித்திரா நீட்டி முழக்கவில்லை. வாக்களிப்பு மத்தியானத்தில் நடக்க வேண்டும். சந்தா கட்டிய எவரும் தேர்தலில் நிற்கலாம். குழுச் சந்தாவை அந்தந்தக் குழுவில் சேர்கிறவர்கள் மட்டும் கட்டினால் போதும். அவ்வளவுதான் கேட்டாள்.

விடுதியில் இருக்கும் யதுர்ஷிகா எழுந்தாள். "அப்ப நாடகத்துக்குக் காசு எங்கால வரும்?"

"நாடகம் நல்லா இருந்தால் நாங்களே தருவம். போன வருசத்து ராசா மூண்டுதரம் செத்தவர். மூண்டுதரமும் எழும்பி வந்தவர்."

அந்த ராசா விஜிதரன்தான். மண்டபத்தோடு சேர்ந்து அவனும் சிரித்தான். தலைவர் கை உயர்த்தக்கூடாது என்று விதி இருக்கிறதா என்று தாட்சாயினியைக் கேட்டான். இல்லை என்றதும் முதலிரண்டுக்கும் தானும் உயர்த்தினான். அவை இரண்டும் நிறைவேறின. குழுச் சந்தாவுக்குக் கைகள் போதவில்லை. அதைப் புதிய செயற்குழுவின் பேச்சுக்கு விட்டார்கள்.

தேர்தலன்று மத்தியான வெயிலில் வரிசை வாசல் தாண்டி நீண்டது. பல மைல் தள்ளியிருக்கும் ஆனையிறவு வரை போனது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. தலைவர் பதவிக்கான போட்டியில் சுமித்திரா யதுர்ஷிகாவிடம் தோற்றாள். செயற்குழுவில் மட்டும் ஓரிடம் கிடைத்தது. தோழிகள் முகத்தைத் தொங்கப்போட்டார்கள்.

"என்னடி அழுறீங்கள்? போன வருசம் எங்களுக்குத் தோக்கக்கூட உரிமை இல்லை!"

புதிய செயற்குழுவின் முதற் கூட்டம் மத்தியானத்தில் கூடியது. யதுர்ஷிகா பக்கத்துக் கதிரையைச் சுமித்திராவுக்கு இழுத்துப் போட்டாள்.

"முதல் விசயம் குழுச் சந்தா. இரு. நீயே தொடங்கு, கேப்பம்."