மாமன் கொடுத்த உத்தரவாதம்

மார்க்கை மட்டும் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிற கல்லூரிக்கா நான் ஆசைப்பட்டேன்? மெட்ராஸில் பெண்களுக்கென்று இருந்த பெரிய கல்லூரி அது. எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சர் அங்கே படித்தவர். ஒன்பதாம் வகுப்பிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்க வர்ற எல்லாரும் நல்ல மார்க்குதான் வச்சிருப்பாங்க. உன்கிட்ட வேற என்ன இருக்குன்னு கேப்பாங்க" என்பார். அதற்காகவே பேச்சுப் போட்டியில் நிறுத்தினார், சாயங்காலம் வளையப்பந்து ஆட வைத்தார். மேடை என்றாலே எனக்குப் பயம். அழுதுகொண்டே போய்ப் பேசிப் பரிசு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீடு சேவூரில். படித்தது திருப்பூரில், மாமன் வீட்டில் தங்கி. அம்மாவுக்குத் தம்பி அவர். பனியன் கம்பெனி வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே துணி வெளுக்கும் தொட்டி. அழுக்கு நிறத்தில் உள்ளே போகிற துணி, மூக்கைப் பொசுக்குகிற அந்தத் தண்ணீரில் கிடந்து பளிச்சென்று வெளுத்து வரும். ஏன் வெளுக்கிறது என்று கம்பெனியில் கேட்டால், "பவுடர் போடறோம், வெளுக்குது, போ கண்ணு" என்பார்கள். எனக்கு அது போதவில்லை. ரசாயனம் படித்தே தீருவது என்று கிறுக்குப் பிடித்தது அப்படித்தான்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் என்னைத் தன் முன்னால் உட்கார வைத்துக் கேள்விகளாகக் கேட்டுத் தள்ளினார். எந்தக் கேள்விக்கும் நான் மிரளவில்லை. எல்லாம் தயார். ஆனால் கூட யார் போவது? அப்பா வாயில்லாப் பூச்சி. மாமனோ சரக்கு விற்கப் பம்பாய் வரைக்கும் போய் வந்தவர். "நான் இருக்கறப்ப நீ ஏங்கண்ணு பயப்படறே? நான் பேசிக்கறேன்" என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு ரயிலேறினார். பாவம், கூடை நிறைய ஆப்பிள் வேறு.

அறைக்குள் வெள்ளைச் சேலையில் முதல்வர் அம்மா. என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ரசாயனம் ஏன் என்று கேட்டார். துணி வெளுப்பதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்! எனக்குள் ஜிவ்வென்று ஏறியது. சீட்டு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கடைசியாக மாமனைப் பார்த்து, "ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போறீங்க. பொண்ணு எப்படி?" என்றார்.

மாமன் இதற்காகத்தானே வந்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "தங்கமுங்க. ஒரு பேச்சு வராதுங்க. என்ர பையனுக்குன்னு பேசி முடிச்சு வச்சிருக்கறமுங்க. எத்தன வருசம் படிச்சாலுஞ் செரி, காத்திருப்பமுங்க!"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. மாமன் மகன் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறான் என்றால் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. என்னை யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். முறைப்பையன் இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது?

முதல்வர் அம்மாவின் முகம் மாறியது. "போன வருஷம் இப்படி நிச்சயமான பொண்ணுங்களுக்குச் சீட்டுக் குடுத்தோம். பாதியில வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தச் சீட்டுல வேற யாராவது படிச்சிருப்பாங்க" என்றார்.

"நம்மூட்டுல அப்படி ஆகாதுங்க" என்றார் மாமன், பெருமையாக.

முதல்வர் அம்மா என் சான்றிதழ்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சரிசெய்து, மாமனிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. திரும்பும் ரயிலில் மாமன், "பாத்தியா, எப்பிடிப் பேசினேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இடமில்லை என்று தபால் வந்தது. டீச்சர் தனியாகப் போய் அழுதார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கோயமுத்தூரில் பார்க்கலாம் என்றார் அப்பா, மெல்ல. மாமன்தான், "படிப்புத்தான் இல்லைன்னு ஆயிப்போச்சே மச்சான், அப்பறம் எதுக்குக் காத்திருக்கறது?" என்றார். தை பிறந்ததும் கல்யாணம். அந்தத் தொட்டியின் வீச்சம் இன்றைக்கும் என் வீட்டுத் துணிகளில் இருக்கிறது.

மாமன் கெட்டவரில்லை. அதுதான் கொடுமை. தள்ளாத வயதிலும் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி ஆரம்பித்துவிடுவார். "எம்மருமவ எப்பிடிப் படிச்சவ தெரியுங்களா? நான் நேர்ல போயி அத்தன எடுத்துச் சொல்லியும் அந்தம்மா சீட்டுக் குடுக்கலீங்க!" என்பார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும்.

நான் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.