நைனா பூசிய மீன் எண்ணெய்

அடையாறு பாலத்தில் கார் வழுக்கியபோது அம்மா கத்தவில்லை. மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த வருஷத்தின் முதல் மழை. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, நான் பிரேக்கை மிதித்தேன். காரின் பின்பக்கம் என் பேச்சைக் கேட்காமல் ஒதுங்கி, பாலத்துச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. யாருக்கும் அடியில்லை. வீடு வந்து இறங்கியபோது அம்மா சொன்னாள், “ஷேர் ஆட்டோவே தேவல.”

அந்தச் சொல்தான் என்னைக் கலக்கியது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மீன் விற்கும்போது நோட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஆபரேஷன் என்றால் மட்டும் ஒரு சாக்கு. வஞ்சிரம் வரும் நேரம் என்பாள், சித்தி வீட்டு விசேஷம் என்பாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டிருந்தாள். “உன் கார்ல இட்டுக்கினு போ. ஆஸ்பத்திரி வாசல்ல நான் அதுலேர்ந்துதான் எறங்குவேன்.” மயிலாப்பூரில் தேதியும் வாங்கியாகிவிட்டது. கார் போகாவிட்டால் அம்மாவும் போகமாட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். தரமணியில் வேலை. இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, பழையதுதான், என் சம்பளத்தில் வாங்கினேன். கடலோரக் குப்பத்தில் இருந்துகொண்டு எதற்கு இப்படி ஒரு கார் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. ஆசைப்பட்டேன், வாங்கினேன். அம்மா மட்டும் அதை “மண் கலர் வண்டி” என்பாள். வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

வழுக்கியது டயரால்தானோ என்று தி. நகர் டயர் கடைக்குப் போனேன், அப்பாவும் வந்தார். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கடைக்கார பாய் குனிந்து டயரை நகத்தால் கீறினார். பக்கவாட்டில் முடிபோல வெடிப்புகள்.

“தேயவே இல்லியே பாய், இன்னாத்துக்கு மாத்தணும்?” என்றார் நைனா.

நான்தான் விளக்கினேன். “வயசானா ரப்பர் காஞ்சிடும் நைனா. வெயிலு, உப்புக் காத்து. காஞ்சா வெடிக்கும். அப்புறம் ரோட்டைப் பிடிக்காது.”

அவர் மிகவும் கவனமாகத் தலையாட்டினார்.

சிக்கல் பின்சக்கரத்தில் இருந்தது. இந்தக் காருக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் அதைவிட அகலம். “பின் சைஸ் கிடைக்கிறது கஷ்டம் பாப்பா. முன் சைஸையே நாலுக்கும் போட்டுடவா?” என்றார் பாய். வேண்டாம் என்றேன். குடோனிலிருந்து சரியான அளவில் இரண்டை உருட்டி வந்தார். செல்போன் வெளிச்சத்தில், டயரின் மேல் அச்சடித்திருந்த தயாரிப்பு வருஷத்தைத் தேடினேன்.

“இது ரொம்பப் பழசு பாய்.”

“விக்காத டயரு பாப்பா, புதுசுதான்.”

“விக்கலைன்னா வயசாகாதா?”

“பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கிறியே!”

“மாப்பிள்ளை பாக்கிறேன் பாய். வயசை மறைச்சா விடமாட்டேன்.”

நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெங்களூரிலிருந்து புதிதாக வரவழைக்கலாம், ஆனால் ஆபரேஷனுக்கு முதல் நாள்தான் வரும், மழையில் லாரி தாமதமானால் தன் பொறுப்பில்லை என்றார் பாய். வரவழைக்கச் சொன்னேன். அதன் பிறகு நிம்மதி போயிற்று. அலுவலகத்தில் மீட்டிங் நடுவே எழுந்து போய் அவருக்குப் போன் செய்வேன். “லாரி ஓசூர் தாண்டிச்சா பாய்?” “உன் டயருக்காக நான் தொழுகையில துவா கேக்கிறேன், போதுமா?” என்றார் ஒருமுறை.

சொன்னபடி முதல் நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தன. மாட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வாடைதான் வந்தது. காரைச் சுற்றிக் குப்பத்துப் பூனைகள். நைனா கையில் துணியோடு குந்தியிருந்தார். டயர்கள் பளபளவென்று மின்னின.

“இன்னா நைனா இது?”

“மீன் எண்ண. கட்டுமரத்துக்குப் பூசுவோமே, அதான். உப்புக் காத்துல வெடிக்கும்னியே. இனிமே வெடிக்காது. அடியில மட்டும் கை போகல, கொஞ்சம் நவுத்து, பூசிட்றேன்.”

ரோட்டில் படுகிற இடமெல்லாம் எண்ணெய். அதற்குள் அம்மா குளித்து, பூ வைத்து, பையோடு வந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. “சரி வுடு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“ஆட்டோ கூப்பிட்றேன்மா.”

“ஆட்டோலன்னு நான் சொன்னேனா?”

நான் பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து வந்தேன். நைனா குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு பேரும் நார் போட்டுத் தேய்த்தோம். கழுவி, துடைத்து, மோந்து பார்த்து, மறுபடி தேய்த்தோம். பூனைகள் நகரவே இல்லை.

பிறகு நான் மட்டும் ஏறி, ஆளில்லாத கடற்கரைச் சாலைக்குப் போனேன். முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி பிரேக் பிடித்தேன். நின்றது. நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்ப மிதித்தேன். வீட்டு வாசலில் அம்மா கேட்டாள், “நின்னுதா?”

“மிதிச்சப்பல்லாம் நின்னுது.”

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறினாள்.

பாலத்தில் தூறல். ஸ்டியரிங் என் வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்தில் பைக்கில் வந்தவன் எட்டிப் பார்த்தான். “இன்னாக்கா, ரேஸ் காரை உருட்டிக்கினு போறே? தள்ளட்டுமா?”

அம்மா கண்ணாடியை இறக்கினாள். “கண்ணு தெரியலடா, ஆபரேசனுக்குப் போறோம். ஒதுங்கு!”

“யாருக்கு? ஓட்றவங்களுக்கா?”

“ஆமாண்டா! கிட்ட வராத!”

அவன் பின்வாங்கினான். அந்தப் பாலம் முடியும்வரை அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். பயத்தில் சிரித்தாளோ என்னவோ. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பார்க்கும்படி, புடவையைச் சரிசெய்துகொண்டு நிதானமாக இறங்கினாள். உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது நான் கீழே ஓடிவந்து டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனேன்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். வெளியே வந்த அம்மா காரின் முன் நின்றுவிட்டாள்.

“இன்னாடி, இது செவப்பா?”

“செவப்புதான்மா.”

“மண் கலரு மண் கலருன்னு சொல்லிக்கினு இருந்தேனே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

மட்டம் தட்டுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் அவள் குனிந்து, புதுக் கண்ணால் பின்சக்கரத்தை உற்றுப் பார்த்து விரலை நீட்டினாள். “இங்க பாரு, கழுவாம வுட்டுட்டே.”

டயரின் பள்ளத்தில் எண்ணெய் ஒரு கோடாக மின்னியது. அவள் ஏறுவதற்குள் மண்டியிட்டு, துப்பட்டா முனையால் அதைத் துடைக்க ஆரம்பித்தேன்.