வாசலில் வைத்த முள்

வேலி அடைக்க இலந்தை முள் வெட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரர், அதை எங்கள் கேட்டின் குறுக்கே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பால் வாங்கப் புறப்பட்டவன் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். "ஒரு முள்ளத் தாண்ட தைரியம் இல்லியா?" என்று மனைவி கேலி செய்தாள். இல்லைதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரேஷன் அட்டை சரிபார்க்க என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். புது ஷூ, கையில் பட்டியல். அந்தப் பந்தாவெல்லாம் அடிவாரத்து அமிர்தியைத் தாண்டிய மலைப்பாதை வளைவுகளில் வாந்தியோடு போய்விட்டது. பட்டியலில் கடைசிப் பெயர் சின்னப்பொண்ணு. கணவர் இறந்தபின் தனியாக இருந்தவர். ஊருக்குத் தள்ளி, சரிவில் மண்வீடு. வாசலில் குறுக்கே முள் கிடந்தது. பாழ்வீடு என்று நினைத்தேன். மேலே ஏறிப்போய் ஊரில் கேட்டிருக்கலாம். ஷூ கடித்தது. 'ஆள் இல்லை' என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்ததில் பெருமை வேறு.

அட்டை ரத்தானது. அரிசி நின்றதும் அவர் அலுவலகத்துக்கு வந்து என் மேசைமுன் நின்றார்.

"இன்னா சார் இப்டி எழுதிட்டீங்க? சாமை அறுக்க காட்டுக் கொல்லைக்குப் போயி அங்கியே தங்கிட்டேன். வாசல்ல முள்ளு வச்சிட்டுத்தான போனேன்? முள்ளு இருந்தா ஆளு திரும்பி வரும்னு அர்த்தம். ஆளே இல்லாத வூட்டுக்கு யாரு சார் முள்ளு வைப்பாங்க?"

அவருக்கு மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான். அது மேசை மேசையாக நகர்ந்தது. புது அட்டை வந்த அன்றே எடுத்துக்கொண்டு மலையேறினேன். வாசலில் முள். இப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரியுமே! சிரித்தபடி கல்லில் உட்கார்ந்து சாயங்காலம்வரை காத்திருந்தேன். மாடு ஓட்டிவந்த ஒருவர் நின்றார்.

"இங்க இன்னா சார் குந்திக்கினு கீறீங்க? அரிசி இல்லாம அந்தம்மா இன்னா துன்னும்? காப்பித் தோட்டத்துக்கு கூலிக்குப் போயிட்ச்சி. முள்ளு வச்சிட்டுத்தான் போச்சி, வந்துடும்."

வரவில்லை. அடுத்த வருடம் போனபோது முள்ளில் கறையான் ஏறியிருந்தது. அன்றைக்கு நான் எழுதியது பொய். அதை நானே உண்மையாக்கிவிட்டேன்.

இப்போது அங்கே அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் நிற்கின்றன. நல்ல வீடுகள்தான். எல்லாவற்றிலும் இரும்புக் கதவு, பூட்டு. முள் வைப்பவர் யாருமில்லை. சின்னப்பொண்ணுவின் வீடு இருந்த இடத்தைக் காட்டவும் ஆளில்லை.

டீ குடித்துவிட்டு வந்து பக்கத்து வீட்டுக்காரர் முள்ளை எடுக்கும்வரை நான் கேட்டைத் திறக்கவில்லை.