மூச்சு விடாத பொட்டலம்

அடுத்த வீட்டுக்குப் போய் நலம் விசாரிக்கும்போதே அவள் கை, அங்கே மேசையில் வாய் பிளந்து கிடக்கும் பிஸ்கட் பாக்கெட்டைத் தேடிப் போய்விடும். காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று மடிப்பு மடித்து, தன் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி மாட்டிய பிறகுதான் உட்காருவாள்.

"பெரிய பாக்கெட்னா லாபம்னு வாங்குற. பாதி நமத்துப் போய் வெளிய போகுது. யாருக்கு லாபம், குப்பைக்கூடைக்கா?"

அடுத்த வீட்டுக்காரி தலையை ஆட்டிவைப்பாள். இவள் போன பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து இதுவரை எத்தனை கிளிப் சேர்ந்திருக்கிறது என்று எண்ணிச் சிரிப்பாள்.

பிஸ்கட் ஆலையில் இவளுக்குப் பெயர் காத்தக்கா. மணிக்கொரு தடவை இயந்திரத்திலிருந்து பத்துப் பாக்கெட் எடுத்துவந்து, கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் முக்கி அமுக்கிப் பிடிப்பது வேலை. ஒட்டிய ஓரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பினால் போதும், "மூச்சு விடுது" என்பாள். இயந்திரம் நின்றுவிடும். மேலாளர் பதறிக்கொண்டு ஓடி வருவார்.

"ஒரே ஒரு குமிழிதானேக்கா?"

"உள்ள போற காத்துக்கு ஒரு ஓட்டை போதும் சார். வாங்கினவங்க பிரிச்சுப் பார்த்து, மூஞ்சியச் சுளிச்சு, மொத்தமா கொட்டுவாங்க. மாவு, வெண்ணெய், நம்ம உழைப்பு எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போகும்."

இருபது வருடத்தில் அவள் கைக்குத் தப்பிய ஓட்டையே இல்லை என்று ஆலையில் பேச்சு. அது கொஞ்சம் மிகை. இரண்டு தப்பியிருக்கின்றன, இரண்டையும் தேதியோடு அவளே சொல்வாள்.

ஆனால் ஊருக்குத்தான் உபதேசம் என்பது அவள் வீட்டு அலமாரியைத் திறந்தால் தெரியும்.

கணவர் சரக்குக் கப்பலில் மெக்கானிக். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு என்று ஏற்பாடு. எப்போதும் கடல்தான் நீளும், வீடு சுருங்கும். அவர் வரும் தேதி காதில் விழுந்ததும் இவள் வெண்ணெய் பிஸ்கட் சுடத் தொடங்குவாள். ஆலையில் மிச்சமாகும் வெள்ளி நிற உறைத்தாள் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, பிஸ்கட்டைப் போட்டு, ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டுவாள். வீட்டிலும் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் விடமாட்டாள். ஆறு வாரம் தாங்கும்.

அவர் வருகை தள்ளிப்போகும். ஆறாவது வாரம் புதிதாக ஒரு தட்டு சுட்டு ஒட்டி வைத்துவிட்டு, நாள்பட்டதைத் தூக்கிப் போட மனமில்லாமல் தேநீரில் ஊறப்போட்டுத் தின்பாள். புதுசு அவருக்கு, பழசு எனக்கு என்பது அவள் சட்டம். தான் சுட்ட பிஸ்கட்டைச் சுட்ட அன்றே அவள் தின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

"ஒண்ணாவது எடுத்து வாயில போடேன்க்கா. என்னைச் சொல்ல வந்துட்ட!" என்று அடுத்த வீட்டுக்காரியே ஒருநாள் திருப்பிக் கொடுத்தாள்.

"அவரு இல்லாம எறங்காதுடி."

பிஸ்கட் வெறும் சாக்கு. அவளுக்கு வேண்டியது எதிரே உட்கார்ந்து, துகளை மடியிலும் தரையிலும் உதிர்த்துக்கொண்டு, கப்பல் கதை அளக்கும் மனுஷன். அந்தத் துகளைப் பெருக்கித் தள்ளவும், பெருக்கும்போது அவரைத் திட்டவும் அவள் ஏங்கிப் போயிருந்தாள்.

இந்த வியாழக்கிழமை அவர் வந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு மதியம் போன் வந்தது.

"மாத்து ஆள் வரலையாம். இன்னும் நாலு மாசம் இருக்கச் சொல்லிட்டாங்க."

நாலு மாதம் தாங்கும் உறை அவளிடம் இல்லை. "சரிங்க" என்றாள்.

"பிஸ்கட் சுட்டுட்டியா?"

"நேத்துதான்."

"எப்படி வந்திருக்கு?"

"தெரியலங்க. தின்னு பாக்கல."

"அப்ப எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. யாருக்குத்தான் சுடுற?"

அவள் அலமாரியைத் திறந்தாள். நேற்று ஒட்டிய பாக்கெட்டை எடுத்தாள். கத்தரிக்கோலைத் தேடப் பொறுமையில்லை. ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து, போனை வாயருகே கொண்டுபோய், மொறுக்கென்று கடித்தாள்.

"கேட்டுச்சா?"

அந்தப் பக்கம் கப்பல் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ கதவைச் சாத்த, உறுமல் அடங்கியது.

"கேக்குது. நீ பேசாத. தின்னு."

அவள் கண்ணைத் துடைக்காமல், போனை அதே இடத்தில் பிடித்தபடி, அடுத்ததைக் கடித்தாள்.