ஒரே நாளில் பிறந்த பதினொரு பேர்

பிறப்புப் பதிவு இல்லாதவர்கள், பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலைத் தரலாம். ஆனால் அதில் பிறந்த தேதி தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், இந்த விதியின் இரண்டாம் பாதியைப் படிக்காமல் வந்து நின்றவர்களை வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். அவர்களில் முதலாமவர் என் பெரியப்பா. அப்போது எனக்குப் பத்து வயது.

பெரியப்பா போத்தனூரில் ரயில்வே ஹெட் கிளார்க். எங்கள் சபையின் செயலாளரும் அவர்தான். இருபத்திரண்டு பேர் சேர்ந்தால் எருசலேம், பெத்லகேம், யோர்தான் நதி எல்லாம் காட்டிக் கூட்டிவருவதாக ஒரு பம்பாய் ஏஜெண்ட் எழுதியிருந்தார். பெரியப்பாவைப் பொறுத்தவரை பரிசுத்த தேசமும் ரயில்வே பாஸும் ஒரே ரகம். பெயர்ப் பட்டியல், தேதி, முத்திரை. மூன்றும் இருந்தால் வண்டி நகரும். என் கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்கு, அத்தனை பாஸ்போர்ட் விண்ணப்பங்களையும் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வருஷம் சனிக்கிழமை என்ற ஒன்றையே நான் பார்க்கவில்லை.

யாத்திரைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பதினொரு பேர், சத்தியமங்கலத்துக்கு அந்தப்புறம் ஒரே ஊரில் பிறந்தவர்கள். வெள்ளைக்கார மிஷனரி ஒருவர் அங்கே போய், ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். பதிவேட்டில் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு தேதி, கீழே பெயர்கள். அந்தத் தேதியையே பதினொரு பேருக்கும் பிறந்த தேதியாக எழுதச் சொன்னார் பெரியப்பா.

"பெரியப்பா, எல்லாருக்கும் ஒரே தேதி வருதுங்களே?"

"முத்திர இருக்குதல்ல அம்மணி? முத்திர இருக்கற தேதிதான் நெசம். நீ எழுது."

எழுதினேன். தச்சு வேலை பார்த்த மாமா ஒருவரும், அவரைப் பெற்ற தாயாரும் என் கையாலேயே ஒரே நாளில் பிறந்தார்கள்.

பதினொரு பேரில் ஒருவர் என் அத்தை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் வீட்டில் இருந்தார். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வகுப்புச் சுவரில் தொங்கிய வேதாகம வரைபடத்தில் யோர்தான் நதியை வருஷந்தோறும் விரலால் தொட்டுத் தொட்டு, அந்த நீலக்கோடே வெளுத்துப் போயிருந்தது. அவர் வேறு எந்த ஊருக்கும் ஆசைப்பட்டவர் இல்லை. "அந்தத் தண்ணில ஒருக்கா காலு நனைச்சாப் போதுங் கண்ணு" என்பார். அதற்காகக் கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கி, கடிக்காமல் பழகவேண்டும் என்று சமையலறையில்கூடப் போட்டுக்கொண்டு நடந்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னைப் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தாய் என்றும் மகன் என்றும் உறவு காட்டியுள்ள இரு விண்ணப்பதாரர்கள் ஒரே நாளில் பிறந்தது எவ்வாறு என்று விளக்கும்படி, மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

கேட்டது இரண்டு பேரைப் பற்றி. இரண்டு பேருக்குப் பதில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது என்பது அலுவலக வாழ்க்கையின் முதல் பாடம். பெரியப்பாவோ, பதினொரு பேரும் வேதாகமத்தின்மேல் கைவைத்து உண்மையான வயதைச் சொல்லி, நோட்டரி வக்கீல் முன்னால் பிரமாணப் பத்திரம் தருவார்கள், அது போதுமா என்று தாமாகவே கேட்டு எழுதினார். பதில் வருவதற்குள் பத்திரங்களைத் தயாராக வைக்க வேண்டுமாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் ஆலயத்தின் பக்கத்து அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக வயது கேட்டார். பேனா என் கையில்.

அத்தையின் முறை வந்தது. ஞானஸ்நானத்தன்று அத்தை தாமே நடந்துபோய் மிஷனரியின் தாடியைப் பிடித்து இழுத்த கதை சபைக்கே தெரியும்.

"அக்கா, தொரையோட தாடியப் புடிச்சப்ப உங்களுக்கு அஞ்சு வயசுங்களா, ஆறுங்களா?"

"ஆறு இருக்குமுங்க," என்றார் தச்சு மாமாவின் தாயார். "நாந்தானுங் கைய விடுவிச்சு உட்டேன். என்னா புடிங்கறீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். பிறகு, "தம்பி, என்ற பேர அடிச்சுப்போடு" என்றார்.

"ஏனுங்கக்கா?"

"முட்டி வலிக்குது."

"நேத்து மார்க்கெட்டுக்கு நடந்து போய்ட்டு வந்தீங்களே?"

"இன்னைக்கு வலிக்குது. உடு தம்பி."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் ஸ்கேலை வைத்து அத்தையின் பெயர்மேல் கோடு போட்டேன். கோடு நேராக வந்ததில் எனக்குப் பெருமை. காலியான இடத்தில் அன்றைக்கே பெரியம்மாவின் பெயர் ஏறியது. கேன்வாஸ் ஷூவும் அவருக்கே போனது.

அப்பா வேலை பார்த்த மில் பூட்டிக் கிடக்கிறது, வீட்டில் அத்தையின் சம்பளம் மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். தாடிக் கதையும் தெரியும். சில வருஷம் கழித்து மிஷன் பள்ளியில் அத்தையைச் சேர்த்தபோது அந்த ஞானஸ்நானத் தேதியையே பிறந்த தேதியாக எழுதினார்கள், அதை வைத்துத்தான் டீச்சர் வேலையும் கிடைத்தது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லிப் பிரமாணம் செய்தால், ஓய்வு வயதைத் தாண்டியும் வேலை பார்ப்பவர் என்று ஆகும், வேலை போகும். பொய்யைச் சொல்லலாம் என்றாலோ, கை வேதாகமத்தின்மேல்; எதிரே கையை விடுவித்த சாட்சி. வயது திருத்த மனுக்களைப் பல வருஷம் பரிசீலித்த பிறகுதான் எனக்கு இந்தக் கணக்கு பிடிபட்டது. அன்றைக்கு, முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கட்டுங்களா என்று கேட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தேன்.

பதில் வந்த சாயங்காலம் பெரியப்பா வீட்டில் இல்லை. அத்தைக்கு நான்தான் படித்துக் காட்டினேன். வயதானவர்கள் அரசு டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி அனுப்பலாம். பள்ளிச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு அதுவே போதும்; பிரமாணப் பத்திரம் எதுவும் தேவையில்லை. எங்கள் பதினொரு பேரில் பள்ளிச் சான்றிதழ் வைத்திருந்தவர் அத்தை ஒருவர்தான்.

"இன்னொருக்கா படி கண்ணு," என்றார்.

படித்தேன். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் புரியவில்லைபோல என்று நினைத்து, மூன்றாம் முறை நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னேன்.