கேம் பெட்டியும் அரைக்கிலோ வெங்காயமும்

என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மச்சான் சொன்னால் நாலு சேர்த்துச் சொல்வான். சார்ஜ் ஏற்ற மட்டுமே தெரிந்த ஒயரை மாட்டிவிட்டு, மூன்று நாள் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வண்டியைக் கிளப்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். சமையல் தொடங்குமுன் கம்ப்யூட்டரில் இருவருக்கும் ஒரு கால்பந்து ஆட்டம். தோற்றவர் கறிக்குழம்புக்கு அரைக்கிலோ சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். நான்கு வாரமாக அழுதுகொண்டே உரித்தவன் நான்தான். அவனிடம் ஜாய்ஸ்டிக், என்னிடம் கீபோர்டு. பிறகு எப்படி ஜெயிப்பது என்பது என் வாதம்.

"அப்ப நீங்களும் ஒண்ணு வாங்கிக்கங்க மாமா."

"எதுக்கு? பஸ்ல ஆடுற கேம் பெட்டி இருக்குதே. ஒயர்ல மாட்டுனா அதுவே ஜாய்ஸ்டிக். அடுத்த வாரம் கண்ணத் தொடைக்கத் துண்டு எடுத்துட்டு வா."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். மூன்று நாள் மாட்டி மாட்டிக் கழற்றியும் கம்ப்யூட்டருக்கு என் பெட்டி யாரென்றே தெரியவில்லை. பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து ஒயரைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது சந்தையில வாங்குன எமர்ஜென்சி லைட்டோட ஒயரு. இதுல சார்ஜ் மட்டுந்தான் ஏறும். நான் போன்ல இருந்து டிசைன் போட்டோ ஏத்துற ஒயர மாட்டுங்க."

மாட்டினேன். பெட்டியின் அமைப்புகளில் 'யூஎஸ்பி கன்ட்ரோலர்' என்று இருந்ததைத் தொட்டேன். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரில் ஆள் ஓடுகிறான். ஊரையே வாங்கிவிட்டவன்போல வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

ஞாயிறு வந்தது. விசில் ஊதியதும் என் தலை தானாகக் குனிந்துகொண்டது. காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்குத் தினமும் பஸ்ஸில் அந்தப் பெட்டியைக் குனிந்து பார்த்தே பழகிய கழுத்து. சின்னத் திரையில் ஒயர் படம் ஒன்றுதான் தெரிந்தது. அதையே உற்றுப் பார்த்து மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஆட்டம் இங்க நடக்குதுங்க."

நிமிர்வதற்குள் கோல். நிமிர்ந்தேன், பட்டன் எங்கே என்று மறுபடி குனிந்தேன், இன்னொரு கோல். இடைவேளையில் மனைவியின் வெட்டுத்துணி ஒன்றை எடுத்துச் சின்னத் திரையை மூடிக் கட்டினேன். பலன் இல்லாமல் இல்லை. இரண்டாம் பாதி முழுவதும் நிமிர்ந்தபடியே தோற்றேன்.

ஏழுக்கு சைபர். இனி கீபோர்டைக் குறை சொல்லவும் வழியில்லை. சமையலறைப் பக்கம் மெதுவாகப் போனேன்.

"பட்டனெல்லாம் ரொம்பச் சிறுசு புள்ள. என் கட்டவெரலுக்கு அது தோதுப்படல. இல்லீன்னா இன்னைக்கு அவனை..."

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெங்காயம் மொறத்துல இருக்குதுங்க."