முன் இருக்கைப் பயணி

இப்போது என் காரில் மதுரை நம்பர் இருக்கிறது. அதற்கு முன்னால் கர்நாடக நம்பர். பெங்களூரில் வாங்கிய வண்டி. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் அதையே ஓட்டிக்கொண்டு சமயநல்லூருக்கு வந்துவிட்டேன். நம்பரை மாற்றாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆரப்பாளையத்தில் ஓரங்கட்டச் சொல்லும் போலீஸ்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார்.

"அண்ணே, நான் சமயநல்லூருண்ணே. தமிழ்லயே திட்டுங்க" என்பேன்.

பக்கத்து இருக்கையில் அப்பாவுக்கு மானம் போகும். "ஊரோட வந்துட்டேங்கிற. வண்டி இன்னும் விருந்தாடி கணக்கா நிக்கிது. நம்பர மாத்துடா."

"மாத்துறேம்ப்பா" என்பேன். மூன்று வருஷமாக இதையே சொன்னேன்.

அப்பாவிடம் நான் கேட்டு நடக்காத காரியமும் ஒன்று உண்டு. அவர் சீட் பெல்ட் போட மாட்டார். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்தவர். "கம்பத்துல ஏறுறப்பவே நான் பெல்ட்டு போட்டதில்ல. சும்மா உக்காந்துட்டு வாரதுக்குப் போடணுமாக்கும்" என்பார். தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் பெல்ட்டை இழுத்து மார்புக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வார். தாண்டியதும் விட்டுவிடுவார், அது சர்ரென்று உள்ளே ஓடிவிடும். பின்னால் இருக்கும் அம்மா, "என்னைக்காவது மாட்டத்தான் போறீக" என்பாள். ஒரு நாளும் மாட்டவில்லை.

மார்கழியில் அப்பா இறந்துபோனார். வருஷத் திதி வருவதற்குள் வண்டி நம்பரை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் கேட்டதில் நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். அந்தக் குற்றவுணர்வு என்னை அரித்தது.

நம்பர் மாற்றக் கர்நாடகத்திலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். விண்ணப்பித்தால், வண்டி மீது ஒரு சலான் நிலுவையில் இருக்கிறது, அதை முடிக்காமல் சான்று இல்லை என்று பதில் வந்தது. பெங்களூரில் வைத்திருந்த பழைய போன் எண்ணுக்குத் தகவல் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. திறந்து பார்த்தேன். சமயநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் கேமராவில் பதிவானது. முன் இருக்கைப் பயணி சீட் பெல்ட் அணியவில்லை. தேதி, அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள். படம் தபால்தலை அளவில் கலங்கலாக இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்கு நான் தனியாகத்தான் வந்தேன்.

"கட்டித் தொலச்சுட்டுப் போடா" என்றாள் அம்மா.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்மா. நான் திங்கவே இல்லையே. இல்லாத ஆளுக்கு எதுக்குக் கட்டணும்?"

வாக்குவாதத்தில் என்னிடம் யாரும் ஜெயித்ததில்லை, பஸ் கண்டக்டர்கள் உட்பட.

மனு எழுத உட்கார்ந்து அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். அந்தப் பதினாறு நாளும் எனக்குக் கண்மாய்த் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது போலத்தான் இருந்தது. சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. அன்று காலை ஆரப்பாளையத்தில் ஒரு வேலை இருந்தது, முடித்துவிட்டுக் கிளம்பினேன். ஒன்பது மணியாகியும் பனி விலகவில்லை. வைகைக்குள் மாடுகள் பாதி உடம்போடு நின்றன. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், வயலுக்கு மேலே பனி, பனிக்கு மேலே பனைமரத் தலைகள் மட்டும் வேரில்லாமல் மிதந்தன. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்ன பேசினேன் என்று தெரியவில்லை. துக்கத்தில் இருக்கிறவன் தனக்குத்தானே பேசுவது உலகத்தில் நடக்காததா என்ன. வீடு வந்து சேர்ந்தபோது மனசு லேசாக இருந்தது.

'வாகனத்தில் என்னைத் தவிர வேறு எவரும் இல்லை' என்று அடிக்கோடு போட்டு எழுதி எடுத்துக்கொண்டு, போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண் எஸ்.ஐ. மனுவை நிதானமாகப் படித்தார். கம்ப்யூட்டரில் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க சார். இந்தா பெரியவர் ஒருத்தர் உக்காந்திருக்காரு. நீங்க அவர் பக்கம் திரும்பிப் பேசிட்டே வேற போறீங்க."

திரையை என் பக்கம் திருப்பினார்.

அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் திறந்திருந்தது. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட் போடவில்லை. பக்கத்தில் நான், தலையைச் சாய்த்து, வாய் பாதி திறந்து, அவரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆரப்பாளையத்தில் இருந்த வேலை, காரியத்துக்காகப் பெரிதாக்கிய படத்தை ஸ்டூடியோவில் வாங்குவது. ஆளுயரத்தில் பாதி இருக்கும். நான் டிக்கியைத் திறந்ததும் ஸ்டூடியோக்காரர் தடுத்தார். "அண்ணே, அங்கிட்டுப் போட வேணாம். அப்பாவ முன்னாடி உக்கார வைங்க." அவரே தூக்கி வந்து, சாய்த்து வைத்து, கதவைப் பதமாகச் சாத்தினார். அந்தப் படத்தை ஒரு ஆளாக நான் எண்ணவில்லை. கேமரா எண்ணியிருக்கிறது.

"அது போட்டோ மேடம்" என்றேன். "எங்கப்பா. மறுநா பதினாறாவது நாளு."

அவர் இன்னும் பெரிதாக்கினார். சட்டத்தின் ஓரம் தெரிந்தது. கண்ணாடியில் ஒரு துண்டு வானம் விழுந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். இது தப்பான கேசு. நானே எழுதி மேல அனுப்பி ரத்து பண்ண வைக்கிறேன்."

டைப் அடித்து, தாளை என் முன்னால் வைத்தார். 'படத்தைப் பரிசீலித்ததில், முன் இருக்கையில் நபர் எவரும் இல்லை என்பது உறுதியாகிறது.' கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

பேனாவைத் திறந்தேன். நான் ஜெயித்துவிட்டேன். என் மனுவில் அடிக்கோடு போட்டதைத்தான் அவரும் எழுதியிருந்தார். ஆனால் திரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பதினாறு நாளில் நான் அவரிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். கையெழுத்துப் போட்டால் அதுவும் இல்லை என்று ஆகிவிடும். பேனாவை மூடினேன்.

"கட்டிர்றேன் மேடம்" என்றேன்.

"செய்யாத தப்புக்கு எதுக்கு சார் கட்டணும்?"

"பெல்ட்டு போடலேல்ல மேடம். எம்புட்டுச் சொன்னாலும் போட மாட்டாரு."

அவர் அந்தத் தாளை இரண்டாக மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டு, சலானை எடுத்தார். நான் கேட்காமலே அந்தப் படத்தையும் அச்செடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரசீதையும் படத்தையும் அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கடைசில மாட்டிக்கிட்டாகளா" என்றாள்.